பிக்கப் சரியில்லை

பாரிவாக்கத்தில் ஜாபஸ் குடியிருக்கும் அடுக்ககத்திலேயே வேகமான கார் அவருடையதுதான். மகளின் பள்ளி வாசலுக்கு எல்லாருக்கும் கடைசியாக வந்து சேரும் காரும் அதுதான். இதில் முரண் எதுவும் இருப்பதாக ஜாபஸுக்குப் பட்டதில்லை. வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவுகள். பின்னால் ஒரு சிறுமியும் அவளுடைய புத்தகப் பையும் மட்டும் அடங்கக்கூடிய இருக்கை. தரையோடு படுத்த வண்டி என்பதால் வேகத்தடையில் நேராக ஏறாது. கோணலாகத் திருப்பி, முழங்கால் வலிக்காரர் படி இறங்குவதுபோல ஒவ்வொரு சக்கரமாக இறக்க வேண்டும். பாரிவாக்கத்துக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் நடுவே வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. வீட்டில் வேறு வண்டி கிடையாது. ஐ.சி.யூ. நர்ஸான மனைவி ஃபெபியைப் பூந்தமல்லி மருத்துவமனையில் இறக்கிவிடுவது, எஸ்டேட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலையின் காலை ஷிஃப்டுக்குப் போவது, மதியம் திருமுல்லைவாயலில் மகள் ஜாஸ்லினைக் கூட்டிவருவது, வழியில் முருங்கைக்காய் வாங்குவது எல்லாமே இதில்தான். முருங்கைக்காய் ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு வரும்.

இந்த வண்டியின் டர்போவை மாற்ற வேண்டும் என்று மூன்று வருடமாகத் திட்டம். டர்போ என்பது எஞ்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டினால், ஜாபஸ் சொல்வதுபோல, 'வண்டி வேற ஆளாயிடும்'. பெரிய டர்போ வந்தால், அந்தக் காற்றைக் குளிரவைக்கப் பெரிய இன்டர்கூலர் வேண்டும். பிறகு கிளட்ச் தாங்காது, அதுவும் மாற வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கும் என்பதுதான் இந்த ஆசையில் அவருக்குப் பிடித்த அம்சம். சாப்பிடும்போது விளக்குவார். இட்லித் தட்டை நிமிர்த்தி வைத்து இன்டர்கூலர் என்பார். ஜாஸ்லின் நான்காம் வகுப்பு. சிறுகுடல், பெருங்குடல் இன்னும் பாடத்தில் வரவில்லை. இன்டர்கூலர் அத்துப்படி.

ஆனால் ஒரு போல்ட்டைக்கூட அவர் தொடவில்லை. வீட்டுக்கு ஒரே வண்டி, அது ஒரு நாள் படுத்தால் குடும்பமே படுத்துவிடும். அதனால் ஃபெபி வாய்விட்டுச் சம்மதிக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று வாங்கிய அன்றே வாக்குக் கொடுத்திருந்தார். ஜாபஸ் வாக்குத் தவறாதவர். சம்மதத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தார். காத்திருக்கும் நேரத்தைப் பாடியில் எத்திராஜின் பட்டறையில் செலவழித்தார். ஷிஃப்ட் முடிந்ததும் வண்டி பள்ளிப் பக்கம் திரும்பாமல், 'ஒரு அஞ்சு நிமிஷம்' என்று நேர் எதிர்த் திசையில் பாடிக்குப் போகும். டர்போ பற்றிய பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டின் நடுவே ஃபெபி நிதானமாகச் சொன்னார்.

"பிக்கப் சரியில்ல ஜாபஸ். நானும் ரொம்ப நாளா பாக்குறேன்."

ஜாபஸின் கையில் சப்பாத்தி நின்றது. "உனக்கே தெரியுதா?"

"தெரியாம என்ன. ஜாஸ்லினே சொல்றா."

"அவளுமா?"

"இப்படியே எத்தன நாள் ஓட்டுறது? ஏதாவது ஒண்ணு பண்ணு. செலவானாலும் பரவால்ல."

வண்டிக்காரர்களின் அகராதியில் பிக்கப் என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி பாயும் பாய்ச்சல். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாயின் அகராதியில் பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிவருவது. ஃபெபி சொன்னது இரண்டாவது. ஜாபஸ் கேட்டது முதலாவது. ஒரே வீட்டில், ஒரே சப்பாத்திக் குருமாவுக்கு முன்னால் இரண்டு அகராதிகள்.

"சனிக்கிழமை பாடிக்கு நீயும் வா. எத்திராஜ்கிட்ட பேசி முடிச்சிடலாம்" என்றார் ஜாபஸ்.

பாடியில் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவர் என்ற அளவில்தான் ஃபெபிக்கு எத்திராஜைத் தெரியும். ஆட்டோவோ வேனோ ஏற்பாடு செய்வார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றார்.

அடுத்த நாள் ஜாபஸ் தரையில் நடந்ததாகத் தெரியவில்லை. பம்புகளைச் சோதிக்கும்போது விசிலடித்தார். மாலை சர்ச்சில் கொயர் ஒத்திகை. மெதுவாக உருக வேண்டிய பாட்டை அவருடைய கீபோர்டு ஓட்டிய ஓட்டத்தில் பாடகர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

சனிக்கிழமையும் பள்ளி இருந்தது. மழைக்கு விட்ட விடுமுறைக்கு ஈடு. ஃபெபிக்கு வார ஓய்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பாடிக்கு வந்தபோது எத்திராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்க சிஸ்டர். நீங்களே ஓகே பண்ட்டீங்கன்னு மாமே சொன்னாரு. இந்த ஏரியாவுல எந்த ஊட்லயும் நடக்காத மேட்டரு இது."

"வேற வழி இல்லண்ணே. பிக்கப் கரெக்டா இருக்கணும். எனக்கு அதான் முக்கியம்."

"எத்தினிக்கு வரணும், சொல்லுங்க."

"மூணே காலுக்கு."

எஞ்ஜின் சுற்றும் கணக்கைப் பட்டறையில் ஆயிரத்தில்தான் சொல்வார்கள். மூன்று என்றால் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று. டர்போவின் இழுப்பு எந்தச் சுற்றில் தொடங்க வேண்டும் என்று இத்தனை துல்லியமாகச் சொல்லும் பெண்மணியை எத்திராஜ் அதுவரை பார்த்ததில்லை.

"மாமே, கேட்டியா? சிஸ்டர் கரெக்டா கேக்குறாங்கோ. பெருசு போட்டா மூணே கால்தான்."

"தப்பாம வந்துடுமா?" என்றார் ஃபெபி.

"வரும். வந்துச்சின்னா அப்பால நிக்காது. பிச்சிக்கினு போவும்."

"நிக்காம போனா எப்படிண்ணே? புள்ள ஏற வேணாமா?"

"புள்ளைய மொதல்லயே ஏத்தி பெல்ட்டு போட்ருங்க. சின்னதும் ஒண்ணு கீது சிஸ்டர். அது ரெண்டே காலுக்கே வந்துடும்."

"ரெண்டே காலுக்கு வந்து என்ன பண்றது? ஸ்கூல் விட்டாதானே?"

எத்திராஜ் ஜாபஸைப் பார்த்தார். "ஸ்கூலு எங்க மாமே வந்துச்சி நடுவுல?"

ஜாபஸுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று முகம் சொன்னது.

"ஜாபஸ், நான் எந்த பிக்கப்ப சொன்னேன்?"

"இப்பதான் தெரியுது."

நிலைமையைத் தணிப்பதாக நினைத்து எத்திராஜ் பேசினார். "ஸ்கூலு டைமா அது? டெய்லி அந்த டைமுக்கு மாமே இங்கதானே டீ குட்ச்சிக்கினு குந்திக்கினு இருப்பாரு."

"டெய்லியா?" என்றார் ஃபெபி.

ஃபெபி கையை நீட்டினார். ஜாபஸ் சாவியைக் கொடுத்தார். மூன்று வருடக் கனவு அந்தச் சாவியோடு கைமாறியது. வாசலுக்குத் திரும்பியபோது, மேஜைமேல் நத்தை ஓடுபோல ஒரு இரும்புச் சாமான் ஃபெபியின் கண்ணில் பட்டது. விரலால் தொட்டார். உள்ளே குட்டி விசிறி வழுக்கிக்கொண்டு சுழன்றது, நிற்கவே மனமில்லாததுபோல.

"இதுவா அது?"

"ம்."

"எதுல சுத்துது? மோட்டார் எங்க?"

"மோட்டார் இல்ல. எஞ்ஜின் வெளிய விடற புகை இந்தப் பக்கம் விசிறியச் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு விசிறி. அது நல்ல காத்த உள்ள தள்ளும்." தண்டனை நிறைவேற்றப்படும் முன் கடைசி வாக்குமூலம் கொடுப்பவரின் குரலில் சொன்னார் ஜாபஸ்.

ஃபெபி மறுபடி விசிறியைச் சுற்றினார். "வெளிய விடற மூச்ச வெச்சே உள்ள மூச்சு தள்ளுது?"

"ஆமா."

"எங்க வெண்டிலேட்டருக்குக் கரண்டு வேணும். இது சும்மாவே ஓடுதே." சாவி கைப்பைக்குள் போனது. நாற்காலி ஒன்று இழுபட்டது. "ப்ரஷர் ஜாஸ்தியானா?"

"ஒரு வால்வு தொறந்து விட்டுடும்."

"எங்ககிட்டயும் இருக்கு. காத்து சூடாயிடாது?"

"அதுக்குத்தான் இன்டர்கூலர்."

"இட்லித் தட்டு அதானா. சரி, பெருசுக்கும் சின்னதுக்கும் என்ன வித்தியாசம்?"

ஜாபஸின் குரல் உயிர்பெற்றது. பெரியது நிறையக் காற்றுத் தள்ளும், ஆனால் சுழலத் தொடங்க நேரமாகும். சின்னது சட்டென்று தொடங்கும், உச்சத்தில் களைத்துவிடும்.

"லேட்டா மூச்சுக் குடுக்கிற மிஷின் எதுக்கு? பேஷண்ட் அதுக்குள்ள போயிடுவான். சின்னது போடு."

"டாப்ல காத்து பத்தாது ஃபெபி."

"நீ எப்ப டாப்புக்குப் போன? டன்லப் சிக்னல்கிட்ட மூணாவது கியர் போட்டிருக்கியா?"

"லாக்டவுன்ல ஒருவாட்டி போட்டேன், பழைய வண்டில."

"தபார் மாமே, சிஸ்டர் சொல்றதுதான் சரி" என்றார் எத்திராஜ். முந்தின வாரம்வரை பெரியதற்காக வாதாடியவர் அவர்தான்.

மூவரும் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, புகை எந்த வழி, காற்று எந்த வழி என்று ஃபெபி விரலால் தடம் பிடித்துக்கொண்டே போனார். கேள்விக்குள் கேள்வி. டீ வந்து ஆறியது. ஃபெபியின் போன் அடித்தது.

"மேடம், ஸ்கூல்லேர்ந்து பேசறோம். ஜாஸ்லின் மட்டும் இருக்கா."

பிக்கப் சரியில்லை என்று முறையிட்டுத் தீர்வு காண வந்தவர், அந்தப் பிக்கப்பையே மறந்து கையெல்லாம் கிரீஸோடு நின்றார். ஜாபஸ் புத்திசாலித்தனமாகப் பானெட்டை மூடினார்.

ஓட்டுநர் இருக்கையில் ஃபெபி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார். "அண்ணே, சின்னது சொல்லிடுங்க. பெருச இவர் கண்ணுலயே காட்டாதீங்க. வண்டி எத்தன நாள் நிக்கும்?"

"பத்து நாளு நிக்கும் சிஸ்டர்."

"அந்தப் பத்து நாளும் இவர் பஸ்ல போய்ப் புள்ளையக் கூட்டிட்டு வருவாரு. ஒரு நாள் லேட்டானாலும் பழசையே திருப்பி மாட்டிடுங்க."

"சரி" என்றார் ஜாபஸ், யாரும் கேட்பதற்கு முன்பே.

பள்ளி வாசலில் வாட்ச்மேனின் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜாஸ்லின். பின் இருக்கையில் ஏறியதும், "ரெண்டு பேரும் சேந்து வந்தும் லேட்டா?" என்றாள்.

"கோச்சுக்காத. நம்ம கார் மூச்சு விடுது, தெரியுமா உனக்கு?" என்று தொடங்கினார் ஃபெபி. ஆவடி பஸ் ஒன்றின் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி, புகை வெளியே போவதிலிருந்து காற்று உள்ளே வருவதுவரை கைகளால் விளக்கினார். ஸ்டியரிங்குக்கு அவ்வப்போதுதான் ஒரு கை கிடைத்தது. ஒரு இடத்தில் வால்வை வேறு பக்கம் வைத்துச் சொன்னார். ஜாபஸ் திருத்த வாயெடுத்து, விட்டுவிட்டார்.

"மூச்சு விட்டா குறட்டையும் விடுமா?" என்றாள் ஜாஸ்லின்.

ஃபெபி கணவர் பக்கம் திரும்பினார். "விடுமா?"

"குறட்டை இல்ல. லேசா விசில் அடிக்கும்."

"நிஜமாவா?" என்றார் ஃபெபி. பஸ் நகர்ந்தது. அவர் கவனிக்கவில்லை. பின்னால் ஹார்ன் கேட்டது.