இசக்கிசெல்வியின் ஐந்தாம் இயல்

தென்காசிப் பக்கம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் பாதிக் கல்யாணம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துத் தேதி குறிக்க வேண்டும், தேர்வாளருக்கு அருவிப் பக்கமே அறை போட வேண்டும், வந்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வேறு. கேள்வி பதிலெல்லாம் ஒப்புக்குத்தான். அந்தத் தைரியத்தில் இசக்கிசெல்வியின் அப்பா மந்திரமூர்த்தி, மகள் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்ட பேனரைச் சொந்த ஊரான குத்துக்கல்வலசையில் முந்தின நாளே கட்டிவிட்டார்.

அவளுடையது கோட்பாட்டு இயற்பியல். ஆய்வுக்கூடம் கிடையாது, கம்ப்யூட்டரும் காகிதமும்தான். அணு கனமே உள்ள இரண்டு குறைக்கடத்திப் படலங்களை லேசாகத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டு கொசுவலையைச் சேர்த்துப் பிடித்ததுபோல் பெரிய கோலம் ஒன்று உண்டாகும். அதற்குள் எலக்ட்ரான் அலையாக எப்படிப் போகும் என்பதுதான் கேள்வி. அது தாராளமாக ஓடும் என்று எழுதிப் பேர் வாங்கியவர் பேராசிரியர் நயினார். படலங்கள் விறைப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அணுக்கள் என்ன, சொன்ன பேச்சுக் கேட்டு நிற்கவா செய்யும்? தமக்குத் தோதான இடத்துக்குக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். அந்த நகர்வையும் சேர்த்து இசக்கிசெல்வி கணக்குப் போட்டபோது, அலைகள் ஒன்றையொன்று அழித்து, எலக்ட்ரான் போக வழியில்லாமல் தேங்கிப்போனது. எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான். அதுதான் ஐந்தாம் இயல்.

அந்த நயினார்தான் தேர்வாளர். ஐந்தாம் இயலை மட்டும் திரையில் காட்டாதே என்று நெறியாளர் கணேசமூர்த்தி காலையிலேயே கெஞ்சினார். பேனர் கட்டியாகிவிட்டதே என்று அம்மா உலகம்மாளும் கூடச் சேர்ந்துகொண்டாள். இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போய், முதல் வேலையாக அதைத்தான் காட்டினாள்.

அருவியில் நனைந்த தலை இன்னும் காயாமல் உட்கார்ந்திருந்த நயினாரின் முகம் கறுத்தது. ஆய்வேட்டை அவர் அதுவரை புரட்டியே பார்க்கவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

“அந்த இயல எடுத்துரும்மா. இப்பவே கையெழுத்துப் போட்டுருதேன்,” என்றார்.

“கணக்குல எங்கன தப்புன்னு காட்டுங்க சார், எடுத்துருதேன்.”

அவர் காட்டவில்லை. அனுபவம் போதாது என்றார், பணிவு வேண்டும் என்றார், கடைசியில் மறுதேர்வு என்று எழுதிவிட்டு எழுந்தார். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

வாசலில் மந்திரமூர்த்தி உடைந்துபோய் நின்றார். ஊரில் எப்படித் தலை காட்டுவது என்பதுதான் அவருக்கு.

“சரின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா இன்னைக்கே பட்டம் கெடச்சிருக்குமேட்டி,” என்றார்.

“கெடச்சிருக்கும்ப்பா. அவரு சொன்னதையே திருப்பிச் சொன்னதுக்குல்லா கெடச்சிருக்கும். மறுபடியும் கூப்பிடட்டும். அன்னைக்கும் இதத்தான் காட்டுவேன்.”