சாமி கிடாவை விற்றுப் பந்து விளையாடினோம்

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை விற்றுப் பந்து விளையாடிய குடும்பம் என்று எங்களைச் சொல்வார்கள். சொல்லட்டும். பொய்யில்லையே. இப்போது எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பந்தாட்டப் பயிற்சிக்கு வேன் வைத்து அனுப்புகிறார்கள். அந்தச் செலவை வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்த்தகராறு வந்தால் கடைசியில் என் வாசலில் வந்து நிற்பார்கள். "நீங்க சொல்லுங்கம்மா, இவ்வளவு கொட்டி அழுவுறது தகுமா?" என்று கேட்பார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். மற்ற கணக்கெல்லாம் எனக்கு வராது. இந்த ஒரு கணக்கு மட்டும் நன்றாகவே தெரியும்.

அது எழுபதுகளில். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு மேலத்தெருப் பெரிய வீட்டில் பண்ணை வேலை. எங்கள் தெருவில் பாதி அடுப்பு அந்த வீட்டுக் கூலியில்தான் எரிந்தது. அண்ணன் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரிய வீட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போவான். மாடு மேய்கிற நேரத்தில் பந்து உதைப்பான். பந்து என்றால் என்ன, அப்பாவின் கிழிந்த வேட்டியைச் சுருட்டிக் கயிறு கட்டியதுதான். இரண்டு சுண்ணாம்புக் கல்லை நட்டு நடுவில் என்னை நிறுத்துவான். நான்தான் கோல்கீப்பர். எனக்கு ஒன்பது வயசு. அந்த வேட்டிப் பந்து வந்து வயிற்றில் மோதினால் இரவு கஞ்சி இறங்காது. ஆனாலும் விடமாட்டேன்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தோம்.

"அரியலூருக்குன்னு ஒரு டீம் கட்டுறோம். கோடை லீவு முழுக்கத் திருச்சியில பயிற்சி. பயிற்சிக்கு வர்றவனுக்குத்தான் டீம்ல இடம். ஒங்க பையன் கால்ல என்னமோ இருக்குங்க. விட்டுடாதீங்க" என்றார்.

"செலவுங்க?" என்றார் அப்பா.

மாஸ்டர் செருமினார். தங்குவது, சாப்பாடு, முட்டை, பால், பூட்ஸ் எல்லாம் நம் பொறுப்பு என்றார். பெரிய வீட்டுப் பையனும் அண்ணன் வகுப்புதான். அவன் போகிறானாம். டீமில் பாதிப்பேர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான்.

மறுநாள் அப்பா பெரிய வீட்டில் முன்பணம் கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

"மாட்டுக்குப் பின்னாடி ஓடுனா கூலியாச்சும் வரும், பந்துக்குப் பின்னாடி ஓடுனா என்னடா வரும்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"என்னத்தச் சொல்றது. சிரிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே கிடா கட்டிக் கிடந்தது.

அந்தக் கிடா சும்மா கிடா இல்லை. அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைக்கமாட்டான் என்று கைவிட்டபோது, பிழைத்தால் கிடா வெட்டுகிறோம் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டது. குட்டியில் வாங்கி, நான் தழை ஒடித்துப் போட்டு, கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்த்திருந்தோம். நேர்ந்துவிட்ட கிடாவை விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அடுத்த வீட்டுக் கொல்லையில் மேய்ந்தால்கூட யாரும் அடிக்கமாட்டார்கள். அந்தத் திமிர் அதற்கு நிறைய உண்டு. அதைத்தான் விற்றுவிடலாம் என்றாள் அம்மா.

"பையனுக்குன்னு நேந்தது புள்ள. அத வித்துட்டு, நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா?" என்றார் அப்பா.

"அவனுக்குன்னு நேந்தத அவனுக்குத்தானே விக்கிறேன். சாமிகிட்ட ஒளிஞ்சா செய்யப்போறேன்? கேட்டுட்டுத்தான் செய்வேன்."

கேட்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. கிடா வெட்டும் முன்னால் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் காத்திருக்க வேண்டும். எங்கள் குலசாமிக்குப் பூசாரி என் பெரியப்பா. அம்மா போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"வெட்டுறதுக்குத்தான் உத்தரவு கேக்குறது. விக்கிறதுக்கு எவனாச்சும் கேட்டிருக்கானா?"

"யாரும் கேக்கலன்னா சாமிக்கு பதில் தெரியாதா மாமா?"

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் தெருவே கூடிவிட்டது. கிடா மாலை போட்டுக்கொண்டு, மாலையில் எட்டுகிற பூவையெல்லாம் தின்றுகொண்டு நின்றது. பெரியப்பா மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். அது பூவைத் தின்றது. இன்னொரு முறை தெளித்தார். அவரை ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான்.

"சாமிக்கு இஷ்டமில்ல" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அப்பா கையைக் கூப்பியபடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு அந்தக் கிடாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை தழை ஒடித்துப் போட்டிருப்பேன், ஒரு சிலிர்ப்புக்கு என்ன கேடு?

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். கோயில் கிணற்றடிக்குப் போனாள். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சாமியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஒன் கிடாவ நான் திங்கப்போறதில்ல. நீ உசுரு குடுத்த புள்ள, அவன் காலுக்குத்தான் கேக்குறேன். அடுத்த வருசம் இதவிடப் பெருசா ஒண்ணு நிறுத்துறேன். சம்மதம்னா சொல்லு" என்று கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு முழுக் குடத்தையும் கிடாவின் தலையிலிருந்து வால்வரை கவிழ்த்துவிட்டாள்.

கிடா சிலிர்த்தது பாருங்கள், முன் வரிசையில் நின்ற எல்லோரும் நனைந்தார்கள். பெரியப்பாவின் விபூதி கரைந்து மீசைக்கு வந்துவிட்டது.

"மாமா?" என்றாள் அம்மா.

பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். யாருக்குப் பயந்தாரோ தெரியாது. "உத்தரவு கெடச்சிடுச்சு" என்று உரக்கச் சொன்னார்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து கிடா வாங்க வருகிற பாய் ஒருவர் உண்டு. கிடாவின் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, திருப்திப்பட்டவர், கழுத்து மாலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"சாமிக்கு வுட்டதா? வேணாம்மா. அடுத்தவங்க சாமிகிட்ட நமக்கெதுக்கு வம்பு?"

"சாமியே வுட்டுக்குடுத்துடுச்சு பாய். நனைஞ்சவங்க எல்லாம் சாட்சி."

பாய் கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். மகள் நிக்காஹ்வுக்கு என்று வாங்கிக்கொண்டு, பேசியதற்கு மேலேயே கொடுத்தார். "பையன் கோல் போட்டா சொல்லியனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். கிடா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தேன்.

பூட்ஸ் வாங்க அம்மாவே டவுனுக்குப் போனாள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று காலைவிடப் பெரிதாக வாங்கி வந்தாள். எங்கள் வீட்டில் சட்டை அப்படித்தான் எடுப்பது, பாவாடை அப்படித்தான் தைப்பது. பூட்ஸுக்கு மட்டும் என்ன தனி நியாயம்? அண்ணன் முனையில் பழந்துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தான். காலில் கயிறு கட்டிய கோழி மாதிரி இருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவன் அதைக் கழற்றி எறிந்தான். அம்மா எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டுவிட்டாள்.

அவன் திருச்சிக்குப் போனான். பெரிய வீட்டு மாடுகளுக்கு ஆள் வேண்டுமே, நான் போனேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அண்ணனுக்குப் பயிற்சி இருந்தது, எனக்கு மாடு இருந்தது. என் சிலேட்டு பரணுக்குப் போனது இப்படித்தான். முட்டையெல்லாம் அண்ணனுக்கு, பாலெல்லாம் அண்ணனுக்கு. எங்களுக்குக் கேழ்வரகுக் கூழ். யாரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. நானும்தான். டீமுக்கு ஆள் எடுத்தபோது அண்ணன் பெயர் வந்தது. அந்த வாரம் முழுக்க மாடுகளிடம்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பந்து அவனுக்குப் பிற்காலத்தில் சோறு போட்டதா என்று கேட்பார்கள். இல்லை. கொஞ்ச காலம் ஆடினான். முழங்கால் போயிற்று. சிமெண்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அதில்தான் குடும்பம் நடத்தினான். இதைக் கேட்டதும் செலவுக் கணக்குப் பேசுகிறவர்களுக்கு முகம் மலரும். பொறுங்கள் என்பேன். திருச்சி டீமோடு அரியலூரில் நடந்த ஆட்டத்தை இன்னும் சொல்லவில்லையே.

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பந்தல் போட்டு இரும்பு நாற்காலி வரிசை. நாங்கள் எதிர்ப்பக்கம் வெயிலில், கயிற்றுக்கு வெளியே நின்றோம். மைக்கில் டிரில் மாஸ்டரின் குரல் வந்தது. "ஆட்டக்காரங்களோட அப்பாமாரெல்லாம் பந்தலுக்கு வாங்க. வந்து உக்காருங்க."

அப்பா நகரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"போங்களேன்" என்றாள் அம்மா.

"அங்க பெரிய வூட்டு ஐயா இருக்காரு புள்ள. இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

மாஸ்டர் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அது பெரிய வீட்டுக்காரருக்கு அடுத்தது. அந்த நாற்காலியின் முதுகில் அவர் கையை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. பெரிய வீட்டுக்காரர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டார். நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவாரோ என்று தோன்றும்படி உட்கார்ந்தார்.

ஆட்டம் சூடு பிடித்தது. அரை ஆட்டம் தாண்டியும் யாருக்கும் கோல் இல்லை. திருச்சிப் பையன்கள் நம் பையன்களைவிட ஆளுக்கு ஒரு முழம் உயரம். அண்ணன் அவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தான். ஒருமுறை மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனபோது பந்தலே எழுந்தது. எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அப்பாவும் உட்கார்ந்தார். இந்த முறை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"வந்துடுச்சுடி. போட்டதெல்லாம் வந்துடுச்சு."

"இன்னும் ஒரு கோல்கூடப் போடலியேம்மா!"

"வந்துடுச்சுங்கிறேன்ல."

கோல் பிறகுதான் வந்தது. பெரிய வீட்டுப் பையன்தான் பந்தைத் தட்டிக் கொடுத்தான். அண்ணன் ஓடிவந்து உதைத்த உதையில் பந்து வலைக்குள் போனது. காலிலிருந்த பூட்ஸ் அதைவிட உயரமாகப் போனது, அடைத்த துணியெல்லாம் வழியில் உதிர்ந்தது. மைதானமே எகிறியது. பெரிய வீட்டுப் பையன் அண்ணனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான். ஒற்றைக் கால் பூட்ஸோடு என் அண்ணன் அரியலூருக்கு மேலே உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டி அப்புறம் நான்கு நாள் மாடுகளைக் கூப்பிட முடியவில்லை.

ஆனால் அம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. "இங்க பாரும்மா, அண்ணனப் பாரு" என்று நான் முந்தானையைப் பிடித்து இழுத்தபோதும் அவள் பந்தல் பக்கமே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கிடாவை விற்று, கூழைக் குடித்து, இவ்வளவும் செய்து வாங்கிய கோலை ஒருத்தி பார்க்காமல் விடுவாளா? திரும்பி வருகிற வழியெல்லாம் பந்து எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கட்டிய தொண்டையோடு அவளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டே வந்தேன். "ம், ம்" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள். ஊருக்குள் நுழைந்ததும், எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எங்கம்மா கோலையே பாக்கல, வேற எங்கயோ பாத்துக்கிட்டு நின்னுடுச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எங்கே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வயசில் நானும் யோசிக்கவில்லை.