தட்டின் மறுபக்கத்தில் அப்பா

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ரங்கூன் பபேடான் பேட்டையில் இருபது வருஷம் தோசைக் கடை நடத்தியவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் அந்த வருஷம் என் கோபம் தப்பான ஆள் மேல் பாய்ந்தது. பெற்ற தாய் மேல். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும்போது எங்கள் கோயிலில் ஒரு பாட்டுப் பாடுவோம். “கப்பலேறி வந்த பிள்ளைக்குக் காவலிருக்க வா முருகா” என்று தொடங்கும். ஜப்பான் சண்டைக்கு முன்னால் கிராமபோன் தட்டில் வந்து ரங்கூன் தெருவெல்லாம் ஒலித்த பாட்டு. எழுதியவர் என் அப்பா. போட்டாதாங் படகுத்துறையில் அரிசி மூட்டை தூக்கியவர். சாப்பாட்டு நேரத்தில் மூட்டை மேலேயே உட்கார்ந்து எழுதுவாராம். எட்டோ ஒன்பதோ பாட்டுகள் தட்டில் ஏறின. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் பாடியவர் பெயர் மட்டும்தான் இருக்கும். எழுதியவனை யார் கேட்டார்கள்? வீட்டில் இருந்த தட்டுகள் குண்டு விழுந்து வீட்டோடு தூளாயின. எனக்குப் பத்து வயதில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

மிச்சம் இருந்த சாட்சி அம்மாவின் வாய் ஒன்றுதான். அந்தக் காலத்தில் தட்டுக்குப் பாடுகிறவர்கள் பாட்டு முடிந்ததும் தங்கள் பெயரைச் சொல்லி முடிப்பது வழக்கம். இந்தப் பாட்டைப் பாடிய அம்மாள் மட்டும் தன் பெயரை விட்டுவிட்டு அப்பாவின் பெயரைச் சொன்னார் என்பாள் அம்மா. கோயிலில் இருந்த கேசட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. பாட்டு முடியும், டேப் உஸ்ஸென்று ஓடும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோயில் கமிட்டி பாட்டுப் புத்தகம் அச்சடிக்கக் கிளம்பியது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று பர்மிய எழுத்திலும் போட ஏற்பாடு. அதில் அப்பாவின் பாட்டுக்குக் கீழே தமிழ்நாட்டுப் புலவர் ஒருவரின் பெயர்! கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று, அது தன் வீட்டுக்காரர் எழுதியது என்றாள். செயலாளர் கெட்டவர் இல்லை. மூட்டை தூக்கியவருக்கு இவ்வளவு தமிழ் வராது என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார், அவ்வளவுதான். “ஆத்தா, வயசாச்சு. எல்லாம் கலந்து போயிருக்கும்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, “சும்மா இரேன்” என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

அன்றோடு அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். என்னோடு பேச்சும் குறைந்தது. எண்பது வயதில் பொய்க்காரி என்ற பட்டத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் கடிகாரம் பழுது பார்க்கும் பர்மியப் பெரியவர் ஒருவர் என் கடைக்கு வாடிக்கை. மாமா என்பதுபோல ஊலே என்று கூப்பிடுவேன். அன்று காலை தோசைக்குக் காத்திருந்தவர் அந்தப் பாட்டை முணுமுணுத்தார். கோயில் பக்கம் கேட்டிருப்பார் என்று நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு தோசையைத் திருப்பினேன். பாட்டு முடிந்தது, நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. போய்க்கொண்டே இருந்தார், நான் கேட்டேயிராத இரண்டு சரணங்கள். தமிழில் ஒரு சொல்லும் அறியாத மனுஷர். பர்மிய நாக்கில் வார்த்தைகள் உருண்டு உருண்டு வந்தன. கடைசியில் ராகத்தை விட்டுவிட்டு, பேசுகிற குரலில் ஒரு பெயரைச் சொன்னார். என் அப்பாவின் பெயர்.

தோசை கருகியதே எனக்குத் தெரியவில்லை.

அவருடைய அப்பா வாங்கி வைத்த தட்டாம் அது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் கொள்ளும், அதனால் பாதிப் பாட்டு ஒரு பக்கம், பாதி மறுபக்கம். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு முழுதும் மனப்பாடம், கடைசியில் வரும் பெயரையும் பாட்டு என்றே நினைத்திருக்கிறார். எங்கள் கேசட்டை எடுத்த புண்ணியவான் தட்டைத் திருப்பிப் போடவே இல்லை! அன்று மதியமே அவர் வீட்டுக்கு ஓடினேன். தட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். அழுதேன். திரும்பி வந்து அம்மாவின் காலைப் பிடித்தேன். அவள் பெட்டியைத் திறந்து கோயிலுக்குக் கட்டும் புது லோன்ஜியை எடுத்து வெளியே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஊலே சைக்கா ரிக்‌ஷாவில் கிராமபோனை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். முதலில் கேசட்டைப் போடுவோம் என்றார் செயலாளர். கரண்ட் இல்லை. ரங்கூனில் அது ஒரு செய்தியா? ஊலே பெட்டிக்குச் சாவி கொடுத்தார். கரண்ட் கேட்காத பெட்டி பாடத் தொடங்கியது. ஒரு பக்கம் முடிந்ததும் ஒருவர் எழப் பார்த்தார். “உக்காருங்க, இன்னும் முடியல” என்று ஒரு அதட்டு அதட்டினேன். என் கோபம் அன்றைக்குத்தான் சரியான இடத்தில் உதவியது.

ஊலே தட்டைத் திருப்பிப் போட்டார். கரகரப்புக்கு நடுவே இரண்டு சரணங்களும் ஓடின. பிறகு அந்த அம்மாள், செத்து எத்தனை காலமானதோ, தெளிவாகச் சொன்னார். அப்பாவின் பெயர், அவர் தகப்பன் பெயர், போட்டாதாங் துறையில் வேலை.

செயலாளர் தலையைக் குனிந்தார். அம்மா மெல்ல எழுந்து, “தம்பி, இன்னொரு தரம் வைக்கச் சொல்லவா? வயசாச்சுன்னா காது சரியாக் கேக்காது” என்றாள்.

மண்டபமே சிரித்தது. செயலாளரும் சிரித்துவிட்டார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். மறுநாள் அச்சகத்துக்கு அவரே நடந்து போய்ப் பெயரை மாற்றி, விட்டுப்போன இரண்டு சரணங்களையும் சேர்த்தார்.

அந்த உத்திரத்தில் புத்தகத்தைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடினோம். கடைசி வரி முடிந்ததும், யாரும் சொல்லி வைக்கவில்லை, கூட்டம் மொத்தமும் அப்பாவின் பெயரைச் சொன்னது. முன்வரிசையில் ஊலேயின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தமிழ் தெரியாத குழந்தைகள் அந்தப் பெயரையும் பாட்டின் கடைசி அடி என்றே நினைத்துக் கத்துகிறார்கள். நான் திருத்துவதில்லை.

அம்மாவுக்கு இன்னும் ஆறு உத்திரங்கள் கிடைத்தன. ஒவ்வொரு தடவையும் பெயர் முழங்கியதும் என் பக்கம் திரும்பி, “கேட்டியா?” என்பாள்.

“கேட்டேம்மா” என்பேன்.