துளிர்த்த வேலி

எங்கள் தேயிலைத் தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சருக்கு எதையும் விரல் வைத்து அளந்து பார்க்கும் பழக்கம். ஒல்லி உடம்பு, காக்கிக் கோட்டு, சிரிக்காத கண். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா ஆட்டுக்கொட்டில் போட்டபோது தினமும் வந்து கூடவே கயிறு கட்டினார். ஆடு நிற்கும் பலகைகளின் இடைவெளியில் குளம்பு சிக்கிவிடுமோ என்று இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கையின் கிளைகளை வெட்டி வேலிக்கு நடச் சொன்னதும் அவர்தான். தோட்டத்து மரத்தில் கை வைப்பது குற்றம்தான்; ஆனால் வாச்சரே சொன்ன பிறகு அப்பாவுக்கு என்ன பயம்?

மூன்றாம் வாரம் வேலி துளிர்த்தது. மறுநாள் வாச்சர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைக் கூட்டிவந்து இலையைக் கிள்ளிக் காட்டினார். பொழுது சாய்வதற்குள் கொட்டிலைப் பிரித்து ஆடுகளை வெளியேற்றும்படி கத்திவிட்டுப் போனார் துரை.

"நீங்கதானேங்க நடச் சொன்னீங்க?" என்றார் அப்பா.

"ஆமா, சொன்னேன். மொட்டைக் கம்பா இருந்தா என்ன மரம்னு தொரைக்கு எப்படித் தெரியும்? துளிரட்டும்னுதான் இருந்தேன்."

போக்கிடமில்லாத ஆடுகளைத் தோட்டத்துக்கு வெளியே இருந்த தன் வீட்டுக்கு வாச்சரே ஓட்டிப்போனார். பலகைகளை அப்பா சுமந்துகொண்டு பின்னால் போனார்.

குளம்பைப் பற்றிய அந்தக் கரிசனம் மட்டும் பொய்யில்லை. தன் ஆடுகளுக்குத்தான் அன்றைக்கு அளந்திருக்கிறார்.