தோண்டுவதற்கு முன் ஒரு ரோடு

ரோடு ரோலர் ஓட்டுகிறவனை உலகத்தில் எல்லோரும் முந்திப் போவார்கள். போகிற போக்கில், பஞ்சாயத்தைத் திட்ட வேண்டியதையும் அவனிடமே திட்டிவிட்டுப் போவார்கள். பஸ் கண்டக்டர்களே, ரேஷன் கடைக்காரர்களே, ஊரான் தப்புக்குப் பேச்சு வாங்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும். பாதி வீட்டு ஆண்கள் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், கேரள எல்லையில் வெள்ளறடைப் பக்கம் ஒரு பஞ்சாயத்தில் நான் ரோலர் ஓட்டினேன். பஞ்சாயத்தின் பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறேன்.

மெம்பர் வீட்டு ரோடு

மெம்பர் வீட்டுக்கு முன்னால் ஜல்லி விரித்து, தார் ஊற்றி, கண்ணாடி மாதிரி அழுத்திக் கொடுத்தேன். அடுத்த வாரமே குடிநீர்க் குழாய் பதிக்கிறவர்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். தோண்டப்போகிற இடத்தில் அவர்கள் முன்பே சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது ஓவர்சியருக்கும் தெரியும். ஏன் சார் என்று கேட்டேன். "அவனுவ முதல்ல தோண்டினா மண்ணு இறுகுகது வரை காத்துக் கிடக்கணும். மார்ச்சுக்குள்ள செலவழிக்கலேன்னா பணம் திரும்பிப் போவும். அதனாலயாக்கும், கோட்டைக் கண்டா உடனே தாரு," என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துச் சாயாக்கடைத் தங்கம்மா அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். "மக்கா, நீ அழுத்தினது போராது. கடப்பாரை எறங்குதே!"

ரோலருக்கு ஒரு வீடு

குடிசை போட்டிருந்தவர்களுக்கு நிலம் கொடுத்த சட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த பத்து சென்ட், கடைக்குப் பின்னால் ஒரு மண்பாதையின் கடைசியில் இருந்தது. மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. மகள் லில்லியின் முதல் பிள்ளை, வலி வந்தவளை நாற்காலியில் வைத்துத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டது. இப்போது மறுபடி ஏழாம் மாதம். மாப்பிள்ளை லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பியிருந்தார். இந்தத் தடவை வாசல் வரை ஜீப் வர வேண்டும் என்று அக்கா பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்தாள். ஃபண்டு இல்லை என்றார்கள்.

அதே மாதம் ரோலருக்கு ஷெட் கட்டினார்கள். ரிப்பன் வெட்டி, உள்ளே ஓட்டச் சொன்னார்கள். ரோலரின் கூரை வாசலில் இடித்து நின்றது. அளவெடுக்க வந்தவர், ரோலர் வேலைக்குப் போயிருந்ததால், அங்கே நின்ற ஜீப்பை அளந்துகொண்டு போயிருக்கிறார்.

காலியாகக் கிடந்த ஷெட்டைக் காட்டி அக்கா என்னிடம் கேட்டாள்: "என் மோளை இதில கொண்டு கிடத்தட்டா? ரோடு பக்கத்தில உண்டுல்லா."

மீதிச் சுவர்

மறுபடியும் மார்ச் நெருங்கியது. ஒருநாள் விடிந்து பார்த்தால், அந்த மண்பாதையின் ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. ஓவர்சியர் சைக்கிளிலிருந்து குதித்தார். "எலே, குழாய்க்காரனுவ இஞ்சயும் வாறானுவ! அதுக்கு முன்ன போட்டு முடிக்கணும், ரோலரை எடு!" இல்லாத ஃபண்டு எங்கிருந்து முளைத்ததோ, இரண்டே வாரத்தில் ரோடு தங்கம்மா அக்காவின் வாசலைத் தொட்டது.

தண்ணீர் குடிக்க அவள் வீட்டுக்குப் போனேன். சுவரில் பாதிதான் வெள்ளையடித்திருந்தது. மீதி எப்போது என்று கேட்டேன். சிரிக்காமல் சொன்னாள்: "சுண்ணாம்பு தீந்து போச்சு மக்கா. நீ வேலையைப் பாரு."

பெற்று வந்த பிறகு

கோடை மழை கொட்டிய அன்று லில்லிக்கு வலி வந்தது. ஜீப் வாசலுக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆண் குழந்தை, இருவரும் சுகம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

அவள் பிள்ளையோடு வீடு வந்த மறுநாள், குழாய்க்காரர்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள். மழையில் கரைந்தது போக மிச்சமிருந்த கோட்டைத் தங்கள் சார்தான் போட்டிருப்பார் என்று நினைத்து, புது ரோட்டைக் கொத்த ஆரம்பித்தார்கள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். அக்கா பேரனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தோண்டட்டும் மக்கா. என் மோள் பெத்து வந்தாச்சுல்லா."

பஞ்சாயத்துப் பணத்தில் என் ரோலர் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான், அதற்கும் சுண்ணாம்புச் செலவு தங்கம்மா அக்காவுடையது.