இருநூறு டன் சத்தம்

என் வீட்டுக்காரர் இசக்கிபாண்டி ஒரு ராக் ஆல்பம் போட்டார். இப்படிச் சொன்னதும் ஏதோ பெரிய இடத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். சங்கரன்கோவில் பக்கம் ஐடிஐ முடித்துவிட்டு வந்தவர். நான் காஞ்சனா, பிள்ளைப்பாக்கத்துக்காரி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆரம்பித்த பேச்சு கல்யாணத்தில் வந்து நின்றது. கிட்டார் வாசிப்பேன் என்று அப்போதே சொன்னார். பிரஸ் மெஷினையும் சேர்த்து வாசிப்பேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

சினிமாப் பாட்டு வாசித்தால் தெருவில் நாலு பேராவது நின்று கேட்பார்கள். அதைச் சொன்னால், "அது எல்லாரும் வாசிக்கதுதானட்டி" என்பார். இவர் யோசனையே வேறு. கம்பெனியில் இருநூறு டன் பிரஸ் இறங்கி ஏறுகிற சத்தம்தான் தாளம், அதன் மேல் கிட்டார். பாட்டு என்று பெயர், ஒரு வரி கிடையாது. ஆல்பத்துக்குப் பெயரே "இருநூறு டன்".

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்தச் சத்தத்தைக் காதில் பிடித்துவந்து வீட்டில் உண்டாக்குவாராம். உண்டாக்கியது எதில் என்கிறீர்கள்? என் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த பீரோவில். கூடவே அதே லைனில் வேலை பார்க்கிற வேல்ராஜ். அவன் டிரம்ஸ். இரண்டு பேரும் மாடி அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டிவைத்து, பீரோ கதவை அடித்து நசுக்கி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அவர்கள் ரெக்கார்டிங் செய்யும்போது நான் மிக்ஸி போடக்கூடாது, மோட்டார் போடக்கூடாது, குழந்தை கவியா அழக்கூடாது. பிள்ளைக்கு ஒன்றரை வயது, அதனிடம் யார் போய்ச் சொல்வது?

பாட்டு தயாரானதும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார்கள். ஒரு நிமிஷம் தாங்காது.

"இன்னாய்யா இது, காதுல ஊசி வெச்சுக் குத்தற மாதிரி கீது" என்றேன்.

"அது ராக் பாட்டுட்டி. அப்படித்தான் இருக்கும்."

வேல்ராஜ் அதற்கு மேல். "இன்னும் கொஞ்சம் கூர்மை வேணும்ணே, மதினிக்குப் பழக்கமில்ல" என்று சொல்லி அந்தக் கீச்சுச் சத்தத்தை இன்னும் ஏற்றிவைப்பான். நான் தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். ஆனால் அந்த மனுஷன் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. "ஒரே ஒரு ஆளு முதல்லருந்து கடைசி வரைக்கும் கேட்டாப் போதும்" என்பதுதான் அவர் ஆசை. அதைக் கேட்கும்போது மட்டும் எனக்குக் கோபம் இறங்கிவிடும்.

வெளியீட்டு விழா வாலாஜாபாத்தில், சண்முகசுந்தரம் என்பவரின் சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில். பிரஸ் லைன் ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டாவது பாட்டிலேயே சண்முகசுந்தரம் வந்து வயரைப் பிடுங்கினார். "தப்பா நெனச்சிக்காத தம்பி, ஸ்பீக்கரு பூடும்" என்றார். நெட்டில் போட்டதற்கும் அதே கதி. காது கிழிகிறது என்று எழுதியிருந்தார்கள். இவர் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, போட்ட சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டார். நான் எத்தனை முறை சொன்னேன், கேட்டாரா என்று எனக்கு எரிச்சல். பாவமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் கவியாவுக்கு ஒரு ஜோடி பீப்பீ செருப்பு வாங்கி வந்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்க ஓடினாள். சமையலறையில் இருந்த எனக்கு மண்டை பிளந்தது. இவரோ ஒரு செருப்பைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்டே. விசில் வேலை செய்யல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேல்ராஜ் வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கினான். செருப்பு கீச் கீச் என்றது. "ஆமாண்ணே, ஊமையாத்தான் இருக்கு. மாத்திருவோம்" என்றான்.

முதலில் விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். செருப்பைப் பிடுங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அமுக்கினேன். அவர் திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினேன். "என்னட்டி செய்த?" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கீச்சுச் சத்தம் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை, அதனால்தான் பாட்டில் அதை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறார்கள். காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனியில் ரப்பர் பிளக் கொடுப்பார்கள். இவர்கள் அதைக் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். சேஃப்டி ஆபீசர் வந்தால் காதில், போய்விட்டால் மறுபடி கழுத்தில். டை என்கிற அச்சு தேய்கிறதா என்பதை மெஷின் சத்தத்தை வைத்தே சொல்லிப் பழகியவர்கள், அடைத்துக்கொண்டால் வேலை ஓடாது என்பார்கள். இவருக்கு ஆல்பம் வேறு. தாளத்தைப் பிடிக்கிறேன் என்று ஆபீசர் வந்தால்கூட அடைக்கவில்லையாம்.

"கழுத்துல நகை மாதிரி மாட்டினு சுத்தினியே, காதுல வெச்சா கொறஞ்சா பூடுவ?" என்று கத்தினேன். அதற்கு மேல் திட்ட முடியாமல் அழுதுவிட்டேன். காஞ்சிபுரத்தில் டாக்டர், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். கீச்சென்று மேலே போகிற சத்தம் எதுவும் இனி கேட்காது. அன்றிலிருந்து பிளக் போட்டாயா என்று இவரோடு சேர்த்து வேல்ராஜையும் ஏசுகிறேன், அவன் காதுக்கும் அதே கதிதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை மாடிக்குக் கூப்பிட்டார். "எங்க குத்துதுன்னு நீ சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல, வேல்ராஜ் குறைத்துக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் ஊசி குத்துவது நின்றது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

அவர் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தார். "பிரஸ் அடிதான் கேக்கு. கிட்டார் எங்க?"

"கீதுய்யா. மேல போய்கினு கீது."

"எனக்குக் கேக்கலையே."

வேல்ராஜ் மறுபடி ஏற்றப் போனான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்டே. இப்படியே போட்டுரு."

அன்று முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்? ஏறுது, இறங்குது, இப்போ நடுங்குது என்று தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"கடைசில கிட்டார் எப்படி நிக்கி? சட்டுனா, மெதுவாவா?" என்று கேட்டார்.

"மெதுவா" என்றேன்.

"அப்படித்தான் வச்சேன்" என்றார்.