மஞ்சள் ஊறிய சட்டம்

உடைந்த படகின் உள்ளே குனிந்து, அடிப்பாகத்தில் நெடுக ஓடும் சட்டத்தின் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தேன். நானே ரெசின் என்னும் பிசினைத் தடவி ஒட்டிய ஃபைபர் உறை, வாழை மட்டை உரிவதுபோல் கையோடு வந்தது. அப்படி வரக் கூடாது. உளி வைத்து அடித்தால்கூட மரத்தின் நாரைப் பிய்த்துக்கொண்டுதான் அது வர வேண்டும். இது சத்தமே இல்லாமல் வந்தது. உரிந்த உறையின் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. உள்ளே இருந்த மரமும் மஞ்சள். கடல் தண்ணீர் புகுந்திருந்தால் இந்த நிறம் வராது. முகர்ந்து பார்த்தேன். மக்கிய மரத்தின் வாடைக்கு அடியில் மஞ்சள் வாசனை இருந்தது.

அங்கேயே உட்கார்ந்தேன். பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் பார்த்தேன், ஆள் இல்லை. உரிந்த உறையை மறுபடி சட்டத்தின்மேல் வைத்து அழுத்தி, அது தெரியாதபடி இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டேன்.

நான் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வேலையில் இருந்தபோது அமிலத் தொட்டிகளுக்கு ஃபைபர் உறை போடுவது என் பொறுப்பில் இருந்தது. ரெசின் எப்போது இறுகும், எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்பது எனக்குப் பாடம். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் மீன் வாங்கப் போகும் பழக்கத்தில் ஒரு படகுக்காரர் சிநேகிதமானார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். அவருடைய பழைய ஃபைபர் படகு ஓட்டம் கெட்டுப்போய்க் கரையில் கிடந்தது. அடிப்பாகத்தைத் தாங்கும் மரச் சட்டங்கள் உளுத்துவிட்டன என்றார். பார்த்தேன். அலையில் அடிபட்டு அடிபட்டு மேலுறை விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே போய் மரம் கறுத்திருந்தது. "நானே சரி செய்து தருகிறேன்" என்று வாயைக் கொடுத்தேன். ஓய்வு பெற்றபின் என் கைக்கு வேலை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது.

நல்ல வேலைதான் செய்தோம். கிரைண்டரால் பழைய உறையை அறுத்து எடுத்தோம். அந்தத் தூசி முள் முள்ளாக உடம்பில் ஏறி, குளித்தாலும் அரிக்கும். உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்துப் புது மரம் வைத்தோம். அதன்மேல், குப்பத்தில் 'மேட்டு' என்று சொல்லும் கண்ணாடி இழைப் பாயை வெட்டிப் போட்டு, ரெசினைத் தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் உருட்ட வேண்டும். ஓர் அடுக்கு இறுகியதும் அடுத்த அடுக்கு. கடைசியில் மரமும் உறையும் படகின் அடியும் ஒரே உடம்பாகிவிட வேண்டும். அதற்கு முக்கியமான ஒன்று, மரம் உலர்ந்திருக்க வேண்டும். எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும்.

படகு வயிறு திறந்து கரையில் கிடக்கும் நாட்களில், வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் தண்ணீர் விடுவது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். படகுக்காரரின் மனைவி ஒரு செம்பில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்து கொண்டுவந்து, முன் மூக்கிலிருந்து பின்பலகை வரை உள்ளே நெடுக ஊற்றுவார். பிறகு கற்பூரம். முதல் வெள்ளிக்கிழமை அவர் கற்பூரத்தோடு வந்தபோது நான் பதறிப்போனேன். ரெசின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். "கற்பூரத்தை அப்படித் தள்ளி வைம்மா" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் தென்னை மரத்தடிக்குக் கொண்டுபோய் ஏற்றினார். அங்கிருந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் என் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

"டாக்டருக்கு மொதல்ல," என்றார்.

அவர் கணவர் படகுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "டாக்டரு வயித்தத் தொறந்து போட்டுட்டு டீ குடிச்சிகினு கீறாரு. பேஷண்டு பொழைக்குமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தண்ணீர் சட்டத்துக்கு இரு பக்கமும் வழிந்து மரத்துக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். அவர்கள் நம்பிக்கையில் நாம் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வாரம் ஒரு முறை நெற்றியில் ஏறும் அந்தக் குங்குமம் எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

கடைசி உறை போட்ட அன்று ஒரு சட்டத்தில், ரெசினுக்கு அடியில் பால் சிந்தியதுபோல் வெண்மை படர்ந்தது. ஈரத்தின் அடையாளம் அது. என் கீழ் வேலை பார்த்த பையன் யாராவது அப்படி ஒரு தொட்டியைக் காட்டியிருந்தால், உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய் என்றிருப்பேன். உரித்தால் மரம் காயப் பல வாரம் ஆகும். ஏன் காயவில்லை என்று அவர்கள் கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெண்மையின்மேல் இன்னோர் அடுக்குப் போட்டு, நீலச் சாயம் கலந்த ரெசினைப் பூசி மூடினேன். பளபளவென்று இருந்தது.

படகு சில மாதம் ஓடியது. ஒரு நாள் விடியற்காலை படகுக்காரரின் மைத்துனர் போன் செய்தார். அவரும் கூடப் போயிருந்தவர். "சார், போட்டு ஒடஞ்சி பூடுச்சு. மாமாவ செங்கல்பட்டு தூக்கினு போறோம்," என்றார். கரைக்குத் திரும்பும்போது, அலை உடையும் இடத்தில் படகு எழும்பி விழுந்திருக்கிறது. அடிப்பாகம் நெடுகப் பிளந்து, படகு பக்கவாட்டில் திரும்பி, இஞ்சின் பெயர்ந்து அவர் காலின்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவரைப் பார்க்கப் போகும் முன்பு படகைப் பார்க்கப் போனேன். அப்போதுதான் அந்த மஞ்சளைப் பார்த்தேன். வெயிலில் ஒரு நாளில் வெளுத்துப்போகும் நிறம். நான் மூடி வைத்ததால் அப்படியே இருந்தது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வார்டில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"இன்னா சார் மொறச்சிகினு கீற? இதுக்கு மேட்டு போட்டு ரெசின் தடவ முடியுமா பாரு," என்றார்.

அவர் மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்று அழுதார். "எல்லாம் என்னாலதான் சார். அக்கா பொண்ணு வளகாப்புன்னு ஒரு வெள்ளிக்கெழம நான் தண்ணி ஊத்தல. எங்க மாமியா அதத்தான் சொல்லுது. குப்பமே சொல்லுது. அது எங்கூட ஒரு வார்த்த பேசி எத்தினி நாளாவுது. கையால சோறு வாங்க மாட்டேன்னுடுச்சு."

ஊற்றாமல் விட்ட தண்ணீருக்காக அவர் அழுதுகொண்டிருந்தார். ஊற்றிய தண்ணீர்தான் படகைப் பிளந்தது என்று சொன்னால் இவர் என்ன ஆவார்? இந்தக் கேள்வியைச் சாக்காக வைத்துக்கொண்டு அன்று ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பின்னும் போனேன், பழம் வாங்கிக்கொண்டு போனேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக அல்ல. பேசாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் முன்னைவிட இளைத்திருந்தார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "நான் பூட்டா இந்த வூட்டுக்கு நல்லது வருமா சார்?" என்று என்னைக் கேட்டார். அதைக் கேட்ட பிறகு என்னால் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியவில்லை.

"சட்டத்துல ஈரம் இருந்துச்சும்மா," என்றேன். "நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மேல உறை போட்டு மூடினேன். ஈர மரத்துல ரெசின் ஒட்டாது. அதனாலதான் உடைஞ்சது."

"இன்னா ஈரம்?" என்றார் அவர் கணவர்.

"வெள்ளிக்கிழமை தண்ணி."

அந்த அம்மாள் எழுந்து நின்றார். "நான் ஊத்துனதா?"

"நீ ஊத்தினது தப்பில்லம்மா. மரம் காயணும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"கற்பூரத்தத் தள்ளி வைன்னு சொன்னீங்க. வச்சேனா இல்லியா?"

"வச்ச."

"அப்ப தண்ணிய சொல்றதுக்கு வாய்ல இன்னா இருந்துச்சு?"

"உங்க நம்பிக்கையில கை வைக்க வேணாம்னு..." என்று இழுத்தேன்.

அவர் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "நம்பிக்கையா? சார், எங்க கண்ணாலத்தன்னிக்குப் பேய் மழ. மீன் ஏலம் போடுற கொட்டாய்ல நின்னு தாலி கட்னேன். எந்த சாமியும் கோச்சிக்கல. நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா, அந்தத் தண்ணிய மண்ணுல ஊத்திட்டு மரத்துக்கு ஒரு பொட்டு வச்சினு போயிருப்பா. எங்ககிட்ட சொன்னா புரியாதுன்னு நெனச்சிகின. அவ்ளோதான்." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஈரத்தோட வச்சி மூடிட்டு, அதுல என்னிய கடலுக்கு அனுப்பிச்சிருக்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்தேன். அவர் மனைவி பின்னாலேயே வந்தார்.

"எங்க போற? எங்கூட வா. குப்பத்துல வந்து சொல்லு." அதுவரை என்னை 'நீங்க' என்று மட்டுமே பேசியவர்.

திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் அவர் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. இறங்கியதும் முன்னால் நடந்தார், நான் மணலில் கால் புதைய அவர் பின்னால் நடந்தேன். அவருடைய மாமியார் வீட்டு வாசலில் இரண்டு பெண்களோடு கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஆட்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, மரத்தில் ஈரம் இருக்கும்போது ரெசின் என்ற ரசாயனம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாடம் எடுக்காத சார்," என்றார் மருமகள். "பண்ணத சொல்லு."

சொன்னேன். ஈரத்தைப் பார்த்ததை, மேலே பூசி மூடியதை, உடைந்த பிறகு மணலைப் போட்டு மறைத்ததைச் சொன்னேன். வலை பிரித்தவர்களின் கை நின்றுவிட்டது. மாமியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னாவாம்?" என்றார்.

"சத்தமா சொல்லு. அதுக்குக் காது மந்தம்," என்றார் மருமகள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

"அப்ப இவ இல்லியா?" என்று மருமகளைக் காட்டினார்.

"இவ இல்லம்மா. நான்!" என்று கத்தினேன்.

வலை பிரித்தவர்களில் ஒருவன் எழுந்தான். இன்னொருவன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ கையிலிருந்த கருவாட்டைப் பாயில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"காலைல இன்னாடி துன்ன? அங்கேந்து வெறும் வயித்தோட வந்தியா? உள்ள வா," என்றார்.

இருவரும் உள்ளே போனார்கள். வாசலில் நின்ற என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.